வேலிக்கு அந்தப் பக்கம் மச்சான்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக மனிதர்களின் எலும்பைப் படம் எடுத்தவள், திடீரென்று கழுதைகளைப் படம் எடுக்க ஆரம்பித்ததற்கு அவள் கணவர்தான் காரணம்.

அவர் லாரி ஓட்டுகிறவர். சரக்கு இறக்கும் மேடையிலிருந்து வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் மாதக்கணக்கில் படுக்கை என்று டாக்டர் சொன்ன அன்றே மனிதர் வாயைப் பூட்டிக்கொண்டுவிட்டார். அதற்கு முன் அவர் வீட்டில் இருந்தால் அடுத்த வீட்டுக்காரர்கள் ரேடியோவே போடத் தேவையில்லை, அப்படிப் பேசுவார். இப்போது தண்ணீர் வேண்டுமா என்றால் தலையாட்டல், வலிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஊர் ஊராகச் சுற்றிய கண் கூரையில் இருந்த ஈரக்கறையையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

ஒரு சாயங்காலம் வழக்கமான சாலையில் குழி தோண்டியிருந்ததால் அவள் ஸ்கூட்டரைப் பின்பக்கச் சாலையில் திருப்பினாள். அங்கே ஒரு கம்பி வேலி, அதற்குள் பெரிய புல்வெளி, நாலு கழுதைகள். மூன்று மேய்ந்துகொண்டிருந்தன. நாலாவது, தண்ணீர்த் தொட்டியில் பின்புறத்தைச் சாய்த்துக்கொண்டு, உலகத்துக்கே கடன் கொடுத்தவனைப் போல நின்றது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாலையில் நின்றபடியே போனில் ஒரு படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இது என்ன, உங்கண்ணன் மாதிரியே நிக்குது?" என்றார்.

பதினோரு நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. அடுப்படிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "எங்கண்ணன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினாரு?" என்று சண்டைக்கு நின்றாள்.

அன்றிலிருந்து அந்தக் கழுதைக்கு மச்சான் என்று பேராகிவிட்டது. மற்ற மூன்றும் மேனேஜர், டிக்கெட் செக்கர், சின்னத்தை. தினமும் வேலை முடிந்து வரும்போது அவள் அந்தச் சாலையில் நின்று ஏழெட்டுப் படம் எடுப்பாள். அவர் காத்துக்கொண்டிருப்பார். "மேனேஜர் ஏன் இன்னைக்குத் தனியா நிக்கிறாரு? சண்டையா?" என்பார். "நான் என்ன கேட்டுட்டா வந்தேன்?" என்பாள் அவள். ஒரு கழுதையின் காதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, இருபது வருஷத்துக்கு முன் மழையில் லாரி சிக்கிய கதை வரைக்கும் போய் நிற்கும் பேச்சு. சாப்பாடு கூடியது. பிசியோதெரபிக்காரர் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்க ஆரம்பித்தார்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் அவள் போனை உயர்த்திப் பிடித்திருந்தபோது ஒரு பழைய பிக்கப் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. மாவு படிந்த சட்டையோடு ஓர் அம்மாள் இறங்கினாள். ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறவள், ஐம்பத்தைந்து வயது இருக்கும்; கழுதைகள் அவளுடையவை.

"யாரைக் கேட்டு எடுக்குறீங்க?"

"ரோட்டுல நின்னுதானேம்மா எடுக்குறேன்."

"ரோடு பொது. கழுதை என்னோடது. எடுத்து யாருக்குக் காட்டப் போறீங்க?"

சட்டப்படி தன் மேல் தப்பில்லை என்று எக்ஸ்ரேக்காவுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி வேறு இடத்தில் போய்க் குத்தியது. ஆஸ்பத்திரியில் ஒருவருடைய படத்தை இன்னொருவருக்குக் காட்டினால் வேலையே போய்விடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைத்தான் அவள் முதலில் சொல்லித் தருவாள். இங்கே மூன்று மாதமாக ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே! "இனிமே எடுக்கலைம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும், "சரி, பழசையாவது குடு" என்று போனை வாங்கிக்கொண்டார். அவள் பாத்திரம் துலக்கி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இங்க வா. மச்சானுக்குக் கால்ல என்னமோ ஆயிருக்கு."

"படுத்துக்கிட்டே வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

"வந்து பாருன்னா."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்தேவிட்டாள். இடமும் வலமும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் தொழில். மூன்று வாரத்துக்கு முந்தைய படத்தில் மச்சான் நாலு காலையும் பதித்து நின்றது. அதற்கடுத்த வாரத்தில் முன்னங்கால்களில் வலது கால் கொஞ்சம் முன்னே தள்ளியிருந்தது. நேற்றைய படத்தில் குளம்பின் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதல் நாள் சாய்ந்து நின்றது திமிராக இருக்கலாம், இப்போது தொட்டியில் சாய்ந்து நிற்பது திமிரால் இல்லை.

"நாளைக்குப் போய்ச் சொல்லு" என்றார் அவர்.

"அந்தம்மா என்னைப் பார்த்தாலே விரட்டுவாங்க."

"விரட்டட்டும். வேலிக்கு வெளிய நிக்கிற உன்னை எங்க விரட்டுவாங்க? மச்சானுக்கு வலிக்குதுல்ல?"

மறுநாள் அவள் வேலிக் கதவருகே காத்து நின்றாள். பிக்கப் வந்தது. கழுதைக்கார அம்மாள் இறங்கும்போதே, "திரும்ப வந்துட்டீங்களா?" என்றாள்.

"ஒரே நிமிஷம்க்கா. திட்டணும்னா அப்புறம் திட்டுங்க. இதை மட்டும் பாருங்க." ஐந்து படங்களைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

அந்த அம்மாளின் முகம் மாறியது. போனைக் கையிலேயே வாங்கிக்கொண்டாள். "விடிகாலைல தீனி வைக்கும்போது எல்லாம் வைக்கோலுக்குள்ள நிக்கும். கால் தெரியாது. மத்த நாள்ல நான் இருட்டினப்புறம்தான் வருவேன், அதுக்குள்ள இதுங்க கொட்டகைக்குப் போயிடும்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவைத் திறந்துகொண்டு ஓடியவள், பாதி வழியில் திரும்பி, "வாங்க, சும்மா நிக்காம!" என்றாள்.

கால்நடை டாக்டர் அரை மணியில் வந்தார். எக்ஸ்ரேக்கா கழுதையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். மச்சானை இத்தனை பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. இமை மயிர் அவ்வளவு நீளம். டாக்டர் குளம்பைச் சுரண்டிக்கொண்டே போக, ஓரிடத்தில் கருப்பாகச் சீழ் வழிந்தது. உள்ளே ஊசி மாதிரி ஒரு கல்துண்டு.

"கழுதை வலியை வெளிய காட்டாதும்மா. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா எலும்புக்குப் போயிருக்கும். அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல" என்றார் அவர். உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லி, கட்டுப் போட்டுவிட்டுப் போனார்.

கழுதைக்கார அம்மாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். செங்கல் சூளையில் சுமை சுமந்து முடியாமல் போய் விரட்டிவிடப்பட்ட கழுதைகள் அவை. வாங்கி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தன. யாரோ ஒருவர் இதே சாலையில் நின்று படம் எடுத்து, பட்டினி போட்டுக் கொல்கிறாள் என்று எழுதிப் பரப்பிவிட்டார். இரண்டு தடவை விசாரணைக்கு ஆள் வந்தார்கள். கடைக்கு வருகிறவர்கள்கூட அவளைப் பார்த்ததும் கழுதை மாதிரிக் கத்திக் காட்டினார்கள்.

"அதான் போனைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. நீங்க பார்க்கலைன்னா இன்னைக்கு இவன் கதி என்ன? உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"ஐயோ, நான்தான்க்கா உங்களுக்குச் சொல்லணும்" என்றாள் எக்ஸ்ரேக்கா. சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. கூரையைப் பார்த்துக் கிடந்த மனிதரை, பதினோரு நாள் மௌனத்தை, மேனேஜரையும் டிக்கெட் செக்கரையும், அவர் நேற்று வாக்கர் பிடித்து வாசல் வரை நடந்ததை எல்லாம் கொட்டினாள். "நீங்க இதுங்களை வாங்கிட்டு வரலைன்னா என் வீட்டுக்காரர் இன்னும் பேசியிருக்க மாட்டாரு. காலைக் கண்டுபிடிச்சதும் அவருதான். உங்க கழுதைங்கதான்க்கா எங்க வீட்டைத் தூக்கி நிறுத்துச்சு."

அந்த அம்மாள் மாவுக் கையால் கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. இந்தக் கழுதைகளுக்காக அவளை ஏசியவர்கள் உண்டு, பரிதாபப்பட்டவர்கள் உண்டு. நன்றி என்று சொல்ல ஒருவரும் வந்ததில்லை. கடைசியில், "எதுக்கு மச்சான்னு பேரு வெச்சாரு?" என்று கேட்டாள்.

காரணத்தைச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேனேஜர் மிரண்டு தள்ளிப்போனது.

ஐந்து வாரத்தில் கால் ஆறியது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கழுதைக்கார அம்மாளே பிக்கப்பைக் கொண்டுவந்து லாரிக்காரரை ஏற்றிப்போனாள். அவர் தடியை ஊன்றி, புல்வெளியில் ஒவ்வோர் அடியாக வைத்து மச்சானிடம் போனார். அது அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. சட்டைப் பையை மோந்துவிட்டு, ஒன்றும் இல்லையென்றதும் திரும்பிக்கொண்டது.

"அப்படியே உங்கண்ணன்" என்றார் அவர்.

"என்னையும் இதுங்களோட சேர்த்து ஒண்ணு எடுங்களேன்" என்றாள் கழுதைக்கார அம்மாள், கொஞ்சம் வெட்கத்தோடு. "என்கிட்ட கேட்டு யாரும் எடுத்ததில்லை."

நாலு கழுதையும் இரண்டு மனிதர்களும் பக்கத்தில் நின்று எடுத்தால் அடங்கவில்லை. எக்ஸ்ரேக்கா பின்னோக்கியே நடந்து, கதவைத் தாண்டி, சாலைக்கு வந்து நின்றாள். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. அவள் கணவர் எதையோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சிரித்தாள். படம் எடுத்து முடித்த பிறகும் எக்ஸ்ரேக்கா உடனே உள்ளே போகவில்லை. அவர் பேசுகிற சத்தம் சாலை வரைக்கும் கேட்டது. கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.