பஞ்சு உருண்டை கட்டிய கோல்

1
இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. பேரம் பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். அவர்கள் நல்ல சரக்கைக் கடைசியில்தான் வெளியே எடுப்பார்கள். ஆனால் இந்த ஓய்வுபெற்ற பாராலிம்பிக் நீச்சல் வீராங்கனை, பிறவியிலேயே பார்வையில்லாதவர், இரண்டு தங்கத்தையும் அலமாரியில் விட்டுவிட்டு ஒரு வெள்ளியை என் கையில் வைத்தார்.

"தங்கத்தைவிட இதுதான் சார் கனம்."

(தூக்கிப் பார்த்தேன். மூன்றும் ஒரே எடை.)

2
முதல் தொடக்கம்: நீலத் தண்ணீரில் ஒரு மீனைப் போல அவர்...

"மீன் சுவத்துல முட்டிக்காது சார்," என்றார். வாசித்துக் காட்டிய அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது: பார்வையில்லாதவர் நீந்தும்போது, சுவர் நெருங்கியதும் கரையில் நிற்பவர் பஞ்சு உருண்டை கட்டிய கோலால் தலையில் தட்ட வேண்டும். பதினான்கு வருடம் தட்டியவர் அவருடைய அக்கா. கடைசிப் பந்தயத்தில், பாதி தூரத்தில் திரும்ப வேண்டிய இடத்தில், தங்கை முழு வேகத்தில் சுவரில் மோதினார். விரல் முறிந்தது. அந்தக் கையோடு மிச்ச ஐம்பது மீட்டரையும் நீந்தி எடுத்ததுதான் இந்த வெள்ளி.

3
"நான்தான் கைவீச்சை எண்ணுறதுல கோட்டை விட்டேன்னு எழுதுங்க," என்றார் தங்கை.

"புளுகுறா," என்றார் அக்கா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "நான்தான் லேட்டா தட்டினேன்."

"நீ சும்மா இரு. கதை என்னோடது."

"மண்டை உன்னோடது. கோல் என்னோடது."

(பழியை வாங்க இப்படி ஒரு பேரத்தை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.)

4
நான் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது அக்கா வாசல்வரை வந்தார்.

"ஏன் லேட்டுன்னு அவ இதுவரைக்கும் கேட்டதே இல்ல. அன்னிக்கு அவ முதல்ல வந்துட்டிருந்தா சார். ஏழு பேரு பின்னாடி. நம்ம வீட்டுப் பொண்ணுன்னு வாயப் பொளந்து பாத்துட்டு நின்னுட்டேன். கையில கோல் இருக்கறதே மறந்துபோச்சு."

"அவங்ககிட்ட சொல்லலாமே."

"எப்படிச் சொல்ல? நான் பெருமைப்பட்டு உன் தங்கத்தைத் தொலைச்சேன்னா?"

"அப்ப எழுத வேண்டாமா?"

"எழுதுங்க. அவளுக்கு வாசிச்சுக் காட்டப்போறது நான்தானே."

5
முடிவு ஒன்று: தங்கை மன்னிக்கிறார். (மன்னிப்பதற்குக் கோபம் வேண்டுமே.)

முடிவு இரண்டு: அக்கா நான்காம் பகுதியை அப்படியே தாண்டி...

தாண்டலாம். போனின் இயந்திரக் குரல் வாசித்தால் தங்கைக்குப் பிடிக்காது. அக்கா குரலில்தான் கேட்பார். அக்கா விட்டது விட்டதுதான், யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் ஏழு பேரைப் பின்னால் விட்டு வந்த தன்னை ஒருத்தி எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது மட்டும் தங்கைக்குத் தெரியாமலே போகும்.

ஆகவே முடிவு என் கையில் இல்லை.

அக்கா, வாசிப்பது நீங்கள்தானே? சுவர் வந்துவிட்டது. தட்டுங்கள்.