சதை வைக்கிற வேலை

எங்கள் தொழிலைப் பற்றி எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். துணி விளம்பரத்தில் வரும் பெண்களை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒல்லியாக்குகிறோமாம். போன மாதம்கூட எதிர்வீட்டு அம்மாள், "என் போட்டோவையும் கொஞ்சம் இளைக்க வையேன்" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். உண்மையைச் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? பத்து வருடமாக நான் பார்க்கும் வேலையில் பாதி, சதை வைப்பது. கேமரா முன்னால் வந்து நிற்கிற பெண்கள் அவ்வளவு மெலிந்திருக்கிறார்கள். விலா எலும்பை எண்ணலாம். எலும்பு தெரிந்தால் துணி விற்காதாம். அதனால் விலாவை மூடு, கழுத்துக் குழியை நிரப்பு, இடுப்பில் மட்டும் கை வைக்காதே. பட்டினி கிடக்கச் சொல்வதும் துணிக் கம்பெனிக்காரர்களே, பட்டினி தெரியக் கூடாது என்பதும் அவர்களே. வயிறு எரிகிறது.

அந்தப் பெண்களில் ஒருத்தி என் தங்கை. வீட்டில் பன்னு. நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். சின்ன வயதில் கன்னம் அப்படி இருக்கும், கிள்ளாமல் யாராலும் தாண்டிப் போக முடியாது. பதினைந்து வயதில் ஒருநாள், "இனிமே அப்படிக் கூப்பிடாதக்கா" என்றாள். நான் கேட்டேனா? அவள் தோழிகள் முன்னாலேயே கூப்பிட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

விளம்பர வேலை கிடைத்ததும் தனியாக அறை எடுத்துப் போய்விட்டாள். என்னோடு இருந்தால் சாப்பிடச் சொல்லியே உயிரை எடுப்பேனாம். இரண்டு வருடமாகிறது. போனில் கேட்பேன்.

"சாப்டியா?"

"சாப்டேன்க்கா."

"என்ன சாப்ட?"

"அக்கா, யாரோ கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்."

எனக்கு வேறு ஆசை கிடையாது. ஒரே ஒரு வேளை அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை, முதலாளி கோடைக்கால கவுன் படங்களை எனக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். திறந்து பார்த்தால் பன்னு. கையில்லாத மஞ்சள் கவுன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அவள் என் தங்கை என்று முதலாளிக்குத் தெரியாது.

"இந்தப் பொண்ணுக்குக் கைதாம்மா பிரச்சனை. முழங்கைக்கு மேல ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் நிரப்பிடுங்க" என்றார்.

கொஞ்சமா? என் போனில் பழைய படம் ஒன்று இருக்கிறது. பதினாறு வயதில் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறாள், இரண்டு கையும் மேலே. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். தோளின் உருட்சி, அக்குளுக்குப் பக்கத்தில் ஒரு மடிப்பு, எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்தேன். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஊட்டிவிடுவது போல இருந்தது. கன்னத்தையும் விடவில்லை. முதலாளி பார்த்துவிட்டு, "கொஞ்சம் தாராளமாத்தான் போட்டிருக்கீங்க. பரவால்ல, லட்சணமா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

பத்து நாளில் எங்கள் பேருந்து நிறுத்தத்திலேயே அந்த விளம்பரம் வந்தது. என்னைவிட இரண்டு மடங்கு உயரத்தில் என் பன்னு. மாலையில் அங்கே நின்று, என் பேருந்து வந்தாலும் ஏறாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நின்ற ஒருத்தர், "என்னம்மா, கவுன் வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார். தங்கச்சி வாங்கிக்கொண்டு வருவாள் என்றேன். என்னவோ வாயில் வந்தது.

அவள் வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மூன்று மாடி ஏறியதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். படத்தில் இருந்ததைவிட இன்னும் மெலிந்திருந்தாள்.

"அந்த போஸ்டரைப் பாத்தியாக்கா?"

"பாத்தேன். அழகா இருக்க."

"அழகா? கையைப் பாத்தியா, தூண் மாதிரி. நான் அப்படி இருக்கேன்னு எனக்கே தெரியலக்கா. கண்ணாடியில தெரியல, போட்டோவுல தெரியுது. மூணு வாரமா வெறும் வெள்ளரிக்காதான். அப்படியும் குறைஞ்ச மாதிரி இல்ல."

நான் சதை வைக்கிறவள் என்று அவளிடம் சொன்னதே இல்லை. வெட்கம். எதிர்வீட்டு அம்மாளைப் போல அவளும், அக்கா எல்லோரையும் இளைக்க வைக்கிறாள், அப்படி இளைக்க வைத்த பிறகும் தன் கை இவ்வளவு பருமன் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

"அது உன் கை இல்லடி. நான் போட்டது."

"எனக்காகச் சொல்ற."

"உன் தலைமேல சத்தியம். வா."

வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து, ஆபீஸிலிருந்து எடுத்து வைத்திருந்த, என் கை படாத படத்தைக் காட்டினேன். தோளிலிருந்து முழங்கைவரை ஒரு குச்சி. கழுத்தடியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும் அளவுக்குக் குழி. பார்க்கட்டும், பார்த்துப் பயப்படட்டும் என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

அவள் பயப்படவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தோள்கள் தளர்ந்தன. கண்ணில் தண்ணீர் வந்தது.

"இவ்வளவு ஒல்லியாவா இருக்கேன்?" என்றாள் மெதுவாக. அவளிடம் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்து வெகுநாளாகிறது. "அப்போ பரவால்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

பாவி, செத்துப் போவாய் என்று கத்தலாம். கத்திக் கத்தித்தானே இரண்டு வருடம் போனது.

"பசிக்குதுக்கா" என்றாள். "ஏதாவது இருக்கா?"

ஓடிப்போய்ச் சோறும் பருப்பும் ஒரு முட்டையும் கொண்டுவந்து கம்ப்யூட்டர் மேஜைமேலேயே வைத்தேன். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய். ஐந்து நிமிடம் போனதும் திரை தானாக அணைந்தது. அவள் கை தட்டில் அப்படியே நின்றது.

"போயிடுச்சுக்கா" என்றாள்.

மௌஸைத் தொட்டேன். எலும்புகள் திரும்ப வந்தன. அவள் அடுத்த வாயை எடுத்தாள். அந்தப் படத்தை அழித்து, கம்ப்யூட்டரையே தூக்கி உடைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. ஒரு கையால் மௌஸை அசைத்துக்கொண்டே, மறு கையால் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.