அட்ராக்டா கடையைச் சாத்திய மதியம்

கோல்மன் மல்கெரினின் மூக்கும் கன்னங்களும் சிவந்திருந்தன. கடற்காற்று பட்டால் இன்னும் சிவக்கும். சூடான தேநீர் குடித்தால் அதற்கும் மேலே. அவர் ஓட்டும் பள்ளிப் பேருந்துக்குப் பின்விளக்கு தேவையில்லை, ஓட்டுநரைத் திருப்பி உட்கார வைத்தால் போதும் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அதை அவர் பொருட்படுத்தியதில்லை. பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார்களே, அதுதான் அவருக்குத் தைத்தது.

பதினாறு வயதில் கோயிலில் முழங்காலிட்டு, மதுவைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர். அன்று முதல், குடிக்காதவர் என்பதன் அடையாளமாக, இயேசுவின் திருஇருதயம் பொறித்த சிறு பதக்கம் அவர் சட்டையில் இருக்கிறது. ஆனால் மனிதர்கள் முதலில் பார்ப்பது முகத்தை; பதக்கத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். பார்த்ததும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். சென்ற மாதம் டப்ளினிலிருந்து குடிவந்த கியாரா என்ற இளம் தாய், தன் மகளை வண்டியில் ஏற்றும் சாக்கில் அவர் பக்கம் குனிந்து மூச்சை முகர்ந்து பார்த்தாள். கோல்மன் கவனிக்காதவர் போல இருந்துவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, வாக்குக் காத்த ஐம்பதாண்டுக்காக அவருக்குப் பலிபீடத்தின் முன்னால் தங்கப் பதக்கம் அணிவிப்பதாக இருந்தது. மாவட்டப் பத்திரிகையில் படமும் வரும். கோல்மன் பங்குத் தந்தையிடம் போய், பதக்கத்தைத் தபாலில் அனுப்பிவிடச் சொன்னார். இந்த முகத்தோடு அங்கே நின்றால் கோயிலே சிரிக்கும், தன்னால் கடவுளுக்குத்தான் கேலி என்றார்.

இது அட்ராக்டாவின் காதுக்கு எட்டியது. தெருக்கோடி மதுக்கடை அவளுடையது. கோல்மனோடு ஒரே வகுப்பில் படித்தவள். காலைச் சவாரி முடிந்ததும் அவர் அவள் கடைக்கு வருவார். பீப்பாய்களை உருட்டி வைத்துவிட்டு, ஒரு கிளாஸ் சிவப்பு லெமனேட் குடிப்பார்; மதுவில்லாத இனிப்புச் சோடா அது. அன்று அவர் வந்ததும் அவள் கேட்டாள்.

"தங்கப் பதக்கத்தத் தபால்ல வாங்கறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா. டாக்டர்கிட்ட போய்க் காட்டேன்."

கோல்மன் இருபது வருடம் முன்பு போயிருந்தார். அப்போதிருந்த டாக்டர் முகத்தை ஒரு பார்வை பார்த்து, கண்ணைச் சிமிட்டி, "ஒரு நாளைக்கு எத்தன கிளாஸ்?" என்று கேட்டார். கோல்மன் எழுந்து வந்தவர்தான். காய்ச்சல் வந்தபோதுகூட அந்தப் படி ஏறவில்லை.

"இப்ப ஒரு பொம்பள டாக்டர் வந்திருக்காங்க. நல்லவங்க," என்றாள் அட்ராக்டா.

"அவங்களும் அதத்தான் கேப்பாங்க."

"கேட்டா நான் பதில் சொல்றேன். எந்திரி."

கிறிஸ்துமஸ் அன்று தவிர பகலில் மூடாத கடை அது. அட்ராக்டா சன்னல் திரையை இறக்கினாள், கதவைப் பூட்டினாள், அவரைத் தன் காரில் ஏற்றினாள். பேருந்து கடை வாசலிலேயே நின்றது.

டாக்டர் க்ரோனின் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றி வாயைத் திறக்குமுன் அட்ராக்டா முந்திக்கொண்டாள். "டாக்டர், முப்பது வருஷமா இந்த ஆளுக்கு ஒரு கிளாஸ் வித்துடணும்னு பாக்கறேன். முடியல. கோயில் வாசல்ல மெழுகுவத்தி வித்திருந்தா எனக்கு இன்னும் நல்லா ஓடியிருக்கும்."

"நான் அதக் கேக்கவே இல்லையே," என்றார் டாக்டர்.

கோல்மன் நிமிர்ந்து பார்த்தார்.

இதற்குப் பெயர் ரோசேஷியா என்றும், நம் ஊர்க்காரர்களின் வெளுத்த தோலுக்கு இது பழைய சொந்தக்காரன் என்றும், குடிக்காதவர்களுக்கும் தாராளமாக வரும் என்றும் டாக்டர் சொன்னார். பூசுமருந்து தந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகுமா என்று அட்ராக்டா கேட்டாள். வாரக்கணக்கில் ஆகும் என்றார். பிறகு கோல்மனின் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார்.

"முகத்துக்குத்தானே வந்தேன்," என்றார் கோல்மன்.

"இது இருக்கறவங்கள்ல சில பேருக்கு ரத்த அழுத்தமும் கொழுப்பும் கூடுதலா இருக்கறதா ஆய்வுல பாத்திருக்காங்க. இதனாலதான் அதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா முகமே வந்து கதவத் தட்டும்போது, உள்ள ஒரு தடவ எட்டிப் பாத்துடறது நல்லது. உங்க அப்பா எப்படிப் போனாரு?"

அப்பா சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டும்போது, மண்வெட்டியைப் பிடித்தபடியே சாய்ந்தவர். அவருக்கும் இதே முகம். அவரும் குடித்ததில்லை. துக்கத்துக்கு வந்தவர்களே பின்கட்டில் நின்று, குடிதான் கொண்டுபோய்விட்டது என்று கிசுகிசுத்ததைக் கோல்மன் கேட்டிருந்தார். அவர் இதயத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. இதையெல்லாம் கோல்மன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டாக்டர் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

அழுத்தம் அதிகமாக இருந்தது. சற்று உட்கார வைத்துத் திரும்பப் பார்த்தபோதும் அதிகம்தான். இரத்தம் எடுத்தார்கள், மாத்திரை எழுதினார்கள். நல்ல வேளை வந்தீர்கள், இது கட்டுக்குள் வரக்கூடியதுதான் என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் கோல்மன் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அட்ராக்டா வண்டியை மெதுவாக்கினாள். "உனக்கு நோய்னு சொல்லியிருக்காங்க. நீ பாடற."

"ஆமா. நோயாம் அட்ராக்டா," என்றார் அவர், பரிசு விழுந்தவர் போல.

கடை வாசலில் கூட்டம். பகலில் மூடிய கதவு, இறக்கிய திரை, வெளியே ஆளில்லாத பேருந்து: ஊருக்கு இது போதுமானதாக இருந்தது. துக்க வீட்டுக்கு எடுத்துப் போவதுபோல, பன்றி இறைச்சி வைத்த ரொட்டித் தட்டுகளோடும் கேக்குகளோடும் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். கறிக்கடை மாலக்கி கறுப்புக் கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தான். காரிலிருந்து கோல்மன் இறங்கவும் அவன் தொப்பியைக் கழற்றினான். கழற்றியதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டான்.

"நீ செத்துட்டேன்னு சொன்னாங்களே," என்றான்.

"இன்னும் இல்ல. ஆனா நோய் இருக்கு," என்று கோல்மன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். முகத்துக்கு ஒரு பெயர் இருப்பதையும், அழுத்தத்தையும், மாத்திரையையும், அப்பாவையும் சொன்னார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்ப குடி இல்லையா?" என்றான் மாலக்கி.

"என் கடையில நின்னு சிவப்பு லெமனேட் குடிச்சது உன் கண்ணுல படவே இல்லையா?" என்றாள் அட்ராக்டா.

"அதுல வோட்கா கலந்திருக்கும்னு நெனச்சேன்."

சிரிப்பு எழுந்தது. கோல்மனும் சிரித்தார். கொண்டுவந்த உணவைத் திருப்பி எடுத்துப் போக யாருக்கும் மனமில்லை. அட்ராக்டா கதவைத் திறந்து தேநீர் போட்டாள். ஆப்பிள் கேக்கோடு ஓரமாக நின்றிருந்த கியாரா அவரருகே வந்தாள்.

"அன்னைக்கு உங்க மூச்ச நான் முகர்ந்து பாத்தேன்."

"தெரியும்மா. என் பிள்ள ஏறற வண்டியா இருந்தா நானும் பாத்திருப்பேன்," என்றார் கோல்மன். கேக்கில் பெரிய துண்டாக எடுத்துக்கொண்டார். போகும்போது, மாலக்கி அவர் தோளைத் தொட்டு, அந்த டாக்டர் எந்தெந்த நாள் பார்ப்பார் என்று கேட்டுக்கொண்டான். அவனுக்கும் கன்னம் கொஞ்சம் சிவப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை கோல்மன் பலிபீடத்தின் முன் நின்றார். பங்குத் தந்தை, திருஇருதயம் பொறித்த தங்கப் பதக்கத்தை அவருடைய நெஞ்சில் குத்தும்போது கை தவறி ஊசி சற்றே உள்ளே போனது. பத்திரிகையில் வந்த புகைப்படத்தில் கோல்மன் திடுக்கிட்டுச் சிரிக்கிறார். முகம் எப்போதையும்விடச் சிவப்பு. கோயிலில் யாரும் சிரிக்கவில்லை, மாலக்கி மட்டும் சத்தமாக மூக்கைச் சிந்தினான்.

வெளியே மண்டபத்தில் தேநீர் ஊற்றினார்கள். ஆவி பறந்தது. கோல்மன் கைநீட்டுமுன் அட்ராக்டா ஆவி பறக்காத ஒரு கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். திருப்பலி முடியுமுன்பே நழுவி வந்து, ஊற்றி ஆற வைத்திருந்தாள்.

"குடி. இதுல ஒண்ணும் கலக்கல," என்றாள்.