கொண்டை ஊசி வளைவில் மூச்சு விடுவது எப்படி

1

ஒரு உடல்நலப் பத்திரிகையில் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: யோகா தொடங்குவது எப்படி, அதனால் என்ன பயன். உட்கார்ந்து எழுதினேன். தூக்கம் வரும், முதுகுவலி குறையும், மனம் அமைதியாகும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது; முதுகு யாருடையது என்பதுதான் எங்கேயும் இல்லை. கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு முதுகைத் தேடினேன். கிடைத்தவள் விமலா டீச்சர். அவளுக்கு முதுகில் ஒன்றுமில்லை, வயிறுதான் பிரச்சினை. கதை எழுத இறங்கினால் கேட்டது கிடைப்பதில்லை.

2

கொல்லிமலையில் பனி விலகாத காலையில் விமலா கண்களை மூடிப் பத்மாசனத்தில்—

(வேண்டாம். பனியும் பத்மாசனமும் காலண்டரிலேயே இருக்கின்றன. மறுபடியும்.)

விமலாவின் வீடு மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில். வேலை மலைமேல், எடப்புளி நாடு என்ற மலைக்கிராமப் பகுதியில் ஒரு அரசுப் பள்ளியில். தினமும் பஸ்ஸில் ஏறி இறங்க வேண்டும். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே அவளுக்குக் குடலைப் பிரட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தாயிற்று, மாத்திரை போட்டுப் பார்த்தாயிற்று, பட்டினி கிடந்தும் பார்த்தாயிற்று. பள்ளிக்கு வந்து சேரும்போது முகம் வெளுத்திருக்கும். முதல் பீரியடில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு மேசையில் தலை சாய்த்துவிடுவாள்.

இப்படியே போனால் சரிவராது என்று ஹெச்.எம். ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். கணவன் நந்தகுமார் நேராகவே சொன்னான்: தோட்டத்து வருமானமே போதும், அரையாண்டுப் பரீட்சையோடு வேலையை விட்டுவிடு. அவன் கெட்டவன் இல்லை. (முதல் பிரதியில் கெட்டவனாகத்தான் எழுதினேன், சுலபமாக இருந்தது. மனைவி தினமும் சுருண்டு வந்து விழுவதைப் பார்க்கிறவன் வேறு என்ன சொல்வான் என்று பிறகு தோன்றியது.) ஆனால் விமலாவுக்கு அந்த வேலைதான் உயிர். வகுத்தல் கணக்கு சட்டென்று பிடிபட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவள் எந்த மலையையும் ஏறுவாள். உடம்புதான் ஒத்துழைக்கவில்லை.

3

யோகாவைச் சொன்னவள் ரோஸ்லின். அதே பஸ்ஸில் மலையேறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் நர்ஸ். சாயங்கால பஸ் வரும்வரை காலி வகுப்பறையில் பாய் விரித்து ஆரம்பித்தார்கள். விமலா குனிந்தாள், கை தரையைத் தொடவில்லை. தொடாவிட்டால் போகட்டும், வலித்தால் நிறுத்திவிடுங்கள் என்றாள் ரோஸ்லின். காலை நீட்டி உட்கார்ந்து இடுப்பைத் திருப்பச் சொன்னபோதுதான் அது நடந்தது. விமலாவின் கண் இறுக மூடிக்கொண்டது, தோள் மேலே ஏறியது, மூச்சு நின்றுவிட்டது. மறுபக்கம் திரும்பினாலும் அதே கதைதான்.

ரோஸ்லின் சிரித்துவிட்டாள். "ஏனுங்க டீச்சர், இங்க என்ன பஸ்ஸா ஓடுது? மூச்ச விடுங்க."

விமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டே போய்வந்திருக்கிறாள். குமட்டலை உள்ளேயே அமுக்க வேறு வழி தெரியாமல் செய்தது. அந்த பஸ்ஸில் பலரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது இடுப்பு திரும்பினாலே மூச்சு நிற்கிறது. இத்தனை நாள் இது தனக்கே தெரியவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது.

(தன் உடம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒருவருக்குத் தெரியவருவது. பத்திரிகைக்கு எழுதிய பயன்களில் இதை நான் சேர்க்கவில்லை.)

4

முதல் முடிவு: விமலா மூச்சை விட்டபடி திரும்பப் பழகினாள். குமட்டல் போன இடம் தெரியவில்லை. எல்லோரும்—

அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: இரவில் நன்றாகத் தூங்கினாள். பஸ்ஸில் கண்ணைத் திறந்து ரோட்டைப் பார்த்தாள், வளைவு வந்தால் மெதுவாக மூச்சை விட்டாள். பல நாள் தெளிவாகப் போய்ச் சேர்ந்தாள். சில நாள் பாலித்தீன் பை தேவைப்பட்டது. ஆனால் முதல் பீரியடை நின்றுகொண்டே நடத்தினாள்.

இரண்டாவது முடிவு: வேலையை விட்டுவிட்டு ஊரில் யோகா வகுப்பு தொடங்குகிறாள். பத்திரிகைக்குப் பிடிக்கும். விமலா இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள்.

5

பரீட்சைக்கு முந்தின வாரம் நந்தகுமார், வேலையை விடுவதைப் பற்றி ஹெச்.எம்.மிடம் தானே பேசிவிடுவதாகச் சொல்லி அவளோடு பஸ் ஏறினான். எப்போதாவது மலைக்கு வந்தாலும் பைக்கில் வருகிறவன். வளைவுகள் தொடங்கியதும் முன்கம்பியைப் பிடித்தான், கண்ணை மூடினான், மூச்சை அடக்கினான். விமலா அவன் முதுகில் கை வைத்தாள்.

"கண்ணத் தொறந்து ரோட்டப் பாருங்க. திரும்பறப்ப மூச்ச விடுங்க."

முயன்று பார்த்தான். கொஞ்ச தூரம் தாங்கினான். பிறகு அவள் பையை நீட்ட வேண்டியதாயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"தெனமும் இப்படித்தான் வர்றயா?"

"ஆமாங்க. முன்னெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டு வந்தேன். இப்ப அப்படி இல்லீங்க. என்னால முடியும்."

இறங்கியபோது பள்ளி மணி அடித்துவிட்டது. அவன் பதிலுக்கு நிற்காமல் விமலா வகுப்புக்குப் போய்விட்டாள். ஹெச்.எம். நந்தகுமாரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன விஷயம் என்று கேட்டார்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. இவ்வளவையும் பார்த்தவன், அதனால்தான் வேலையை விடச் சொல்கிறேன் என்றும் சொல்லலாம். சும்மா பார்த்துப் போக வந்தேன் என்றும் சொல்லலாம். இரண்டையும் அவள்மேல் இருக்கும் பாசத்தில்தான் சொல்வான், அதுதான் சங்கடம். ஆகவே உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டில் ஒருத்தி கடைசியாக 'என்னால் முடியும்' என்றபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்களோ, நந்தகுமாரும் அதையே சொல்லட்டும்.