விரல் நீளச் சாம்பல்

அன்று வண்டன்மேட்டில், மாப்பிள்ளை வீட்டு முகப்பில் இருந்தவர்கள் இவர்கள்தான்: மோகனசுந்தரம் ஆகிய நான், என் மனைவி கமலாத்தாள், எங்கள் ஒரே மகள் மௌனிகா, அவள் கட்டிக்கொள்ளப் போகிற சிவப்பிரகாஷ், அவனுடைய அப்பா காளிச்சாமி, அம்மா சின்னத்தாயி. வேறு யாரும் இல்லை. மழை விடாததால் ஏலக்காய் எடுக்கும் பெண்கள்கூட அன்று வேலைக்கு வரவில்லை. தாங்களும் நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தோம். பையனும் பெண்ணும் கொச்சியில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துப் பழகியவர்கள். பழகி முடித்த பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள். நான் கோபப்பட்டேன் என்று சொல்ல முடியாது. கொஞ்ச நாள் மகளிடம் பேசவில்லை, அவ்வளவுதான். பிறகு விசாரித்தேன். கம்பத்திலிருந்து மலையேறி வந்து ஏலத்தோட்டம் போட்ட குடும்பம், நாணயமானவர்கள் என்றார்கள். சம்மதித்தேன். ஒன்றில் மட்டும் இறங்கி வருவதாக இல்லை. கல்யாணம் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையை அடுத்த எங்கள் ஊரில், எங்கள் மாரியம்மன் கோயில் முன்னால், சீர் செய்துவைக்கும் எங்கள் அருமைக்காரர் கையால் நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணும் வெளியூர் மண்டபத்தில் தாலி வாங்கிக்கொண்டதில்லை. போதாததற்கு, மோகனசுந்தரத்தின் பெண் மலைக்காரப் பையனோடு போய்விட்டாள் என்று டீக்கடையில் பேச ஆரம்பித்திருந்தார்கள். அவள் கோயில் வீதியில், எல்லோரும் பார்க்க, மணப்பெண்ணாக நடந்தால்தான் அந்தப் பேச்சு நிற்கும். இதை நான் கமலாத்தாளிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

காளிச்சாமி பருத்த, சிரித்த முகமுள்ள மனிதர். பேசும்போது அவருடைய இரண்டு கைகளும் சேர்ந்து பேசும். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"கம்பத்துல மண்டபம் சொல்லி வச்சாச்சு சம்பந்தி. ஏலக்கம்பெனிக்காரக, புரோக்கருக, எஸ்டேட்டுக்காரக அம்புட்டுப் பேரும் வரணும்ல. அவுக எங்கிட்டுப் பாலக்காடு வரைக்கும் வருவாக?"

"சம்பந்தின்னு இன்னும் ஆகலீங்க" என்றேன்.

சின்னத்தாயி முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பேச்சு அத்தோடு நின்றது. திரும்பலாம் என்று எழுந்தபோதுதான் கம்பம் மெட்டுப் பாதையில் மண் சரிந்து கிடப்பதாகவும், ஜேசிபி வந்து ஒதுக்க மறுநாள் ஆகும் என்றும் போன் வந்தது. ஆக, சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்தில் அது வழக்கமில்லை. மலை அதையெல்லாம் கேட்கவில்லை.

சாயங்காலம் காளிச்சாமி உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் தச்சுப் பட்டறையில் புதுப்பலகை இழைக்கும்போது வருகிற மணம் வந்தது. உள்ளே சுருட்டுகள். எங்கள் தோட்டத்து ஆட்கள் பிடிக்கிற முறுக்குச் சுருட்டு போலல்ல. ஒவ்வொன்றும் வழுவழுவென்று, பொன்நிறக் காகிதப் பட்டை கட்டி, நகைக்கடைப் பொருள்போல் படுத்திருந்தது. பெட்டிக்குள் ஈரம் எவ்வளவு என்று காட்ட ஒரு முள்ளும் இருந்தது. ஏலக்காயை இரவும் பகலும் உலர்த்துகிற மனிதர் இதை ஈரத்தில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஏலக்காய் வாங்க வருகிற வெளிநாட்டு வியாபாரிகள் கொடுத்துப் பழக்கிவிட்டார்களாம்.

"அண்ணனுக்குப் பழக்கம் உண்டா? இல்ல, தென்னந்தோப்புக்காரகளுக்குப் புகைன்னா கொசுவத்திதானா?"

சிவப்பிரகாஷ் "அப்பா" என்று அதட்டினான். நான் அதுவரை பீடிகூடத் தொட்டதில்லை. என் அப்பாவும் தொட்டதில்லை. ஆனால் பெண் வாழப்போகிற வீட்டில், நீட்டியதை வாங்க மாட்டேன் என்று தலையைத் திருப்பினால் அது நாளைக்கு அவள் தலையில்தான் விடியும். கையை நீட்டினேன்.

வெளிர் நிறத்தில் இருந்ததைக் கொடுத்தார். டொமினிகன் நாட்டுச் சரக்கு, முதல்முறை பிடிக்கிறவர்களுக்கு இதுதான் என்றார். அதன் மூடிய முனையை வெட்ட ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தார். மலை ஈரத்தில் துருப்பிடித்து அது அசையவில்லை. அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, என் வெற்றிலைப் பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து முனையை ஒரே அழுத்தில் நறுக்கினேன். இலை ஒரு பிசிறுகூடப் பிரியவில்லை. அவர் வாங்கிப் பார்த்து, தன்னுடையதையும் என்னிடம் நீட்டினார். நறுக்கிக் கொடுத்தேன்.

முதல் இழுப்பைத் தண்ணீர் குடிப்பதுபோல் உள்ளே விழுங்கினேன். நெஞ்சில் ஆணி இறங்கியது போலிருந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இருமலை மட்டும் பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"உள்ளுக்கு இழுக்கப்படாதுண்ணே. வாயிலயே வச்சு ருசி பாத்துட்டு விட்ரணும்" என்றார் காளிச்சாமி.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அடுத்த இழுப்பை வாயில் நிறுத்திப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த சோளத்தட்டின் மணம். அதற்குள் எங்கேயோ காய்ச்சிய பாலின் ஆடை. புகைக்கு ருசி உண்டு என்று அதுவரை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பாதி வரை பிடித்தேன். கமலாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் பிறகு இரண்டாவது. பழுப்பு நிறம், நிகரகுவா நாட்டுடையது. முதல் இழுப்பிலேயே நாக்கின் ஓரத்தில் மிளகு. அது அடங்கியதும் மணல்போட்டு வறுத்த கடலைக்காயும், அப்போதுதான் இடித்த காப்பிப்பொடியும். அவசரமாக இழுத்தால் சூடேறிக் கசந்தது. மறந்து விட்டுவிட்டால் அணைந்துபோனது. கன்றுக்குட்டிக்குப் பால் விடுவதுபோல இதற்கும் ஒரு நிதானம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்ட பிறகு எனக்குச் சிரமமாக இல்லை. அந்த நிதானத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். என் சுருட்டின் சாம்பல் வெள்ளையாக, உடையாமல், அப்படியே நின்றது. காளிச்சாமியின் சாம்பல் நகமளவு வளரும், அவர் பஞ்சாயத்து மெம்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார், கை பறக்கும், சாம்பல் தரையில் கிடக்கும்.

பாதை அப்போதும் திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபப் பேச்சு மறுபடி வந்தது. நான் கோயிலைச் சொன்னேன். அவர் கம்பத்தைச் சொன்னார். மௌனிகா, "எங்க நடந்தாலும் எனக்கு ஒண்ணுதானுங்கப்பா" என்றாள்.

"உனக்கு ஒண்ணுதான் சாமி. ஊருக்கு அப்படி இல்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். டீக்கடைப் பேச்சு அவள் காதுக்கும் போயிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு சிவப்பிரகாஷ் பக்கத்தில் போய் நின்றாள்.

காளிச்சாமி பேச்சை மாற்றப் பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து ஏறக்குறைய கறுப்பாக இருந்த இரண்டை எடுத்தார். பெட்டியிலேயே இதுதான் காரமானது, பழகினவர்களே பார்த்துத்தான் தொடுவார்கள் என்றார். பிறகு, நல்ல சுருட்டுக்கு அடையாளம் சாம்பல் நிற்பதுதான் என்றும், குமுளி பக்கத்து முதலாளிமார் கூடுகிற இடத்தில் சாம்பலை நிறுத்துவதில் தன்னை ஜெயித்தவன் இல்லை என்றும் சொன்னார்.

"அப்படீங்களா" என்றேன். "அப்ப பாத்துரலாமுங்க. ரெண்டு பேரும் பத்த வெப்போம். தட்டக் கூடாது, அணைய உடக் கூடாது. எம்பட சாம்பல் முதல்ல உழுந்தா கல்யாணம் கம்பத்துல. உங்களுது உழுந்தா எங்கூர்ல."

கமலாத்தாள் எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, புள்ளை கண்ணாலத்தைக் கொண்டு போய்ப் புகையில வெக்கறீங்களா?"

"உக்காரு" என்றேன்.

காளிச்சாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். "நேத்து கண்ணுல தண்ணி வந்த மனுசன். சரிண்ணே. பெறகு வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்பட்டா நான் பாத்துக்கிறேன், பத்த வைங்க" என்றாள் சின்னத்தாயி. யாரை நினைத்து அதைச் சொன்னாள் என்று அப்போது தெரியவில்லை.

நான் யோசிக்காமல் சொல்லவில்லை. எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் முதல் பூவோடு எங்கள் குடும்பத்துக்கு. மண்சட்டியில் விறகு எரிய எரிய, அதை ஏந்திக்கொண்டு ஊரைச் சுற்றி வர வேண்டும். கங்கு தெறிக்கக் கூடாது, சட்டி சாயக் கூடாது. என் அப்பாவுக்குப் பிறகு நான்தான் எடுக்கிறேன். நெருப்பைப் பார்த்தால் கை நடுங்கும். அதனால் நெருப்பைப் பார்க்காமல் கோயில் விளக்கைப் பார்த்தபடி நடப்போம். முதுகு வளையாமல் இருந்தால் கையும் சாயாது. என் நிமிர்ந்த முதுகைப் பார்த்துத் திமிர் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது எங்கே பழகியது என்று அவர்கள் கேட்டதில்லை.

பற்றவைத்தோம். மூன்றாவது சுருட்டின் ருசியை எப்படிச் சொல்வது? முதலில் கருப்பட்டி. பிறகு, மழை விழுந்த கரிசல் மண். பாதிக்குமேல் நன்றாக மட்கிய எருவின் மணம் வந்தது. குறையாகச் சொல்லவில்லை. மட்கிய எருவைக் கையில் அள்ளி மோந்து பார்த்த விவசாயிக்கு நான் சொல்வது புரியும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கனம் இருந்தது. அது நாக்கோடு நிற்காமல் மண்டைக்குப் போனது.

காளிச்சாமியும் சும்மா இல்லை. வலது கையை நாற்காலிக் கையில் பதித்து வைத்துக்கொண்டு, இழுக்க மட்டும் தலையைக் குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு சாம்பலும் கட்டைவிரல் கனத்தில் வளர்ந்தன. எனக்கு நெற்றியில் குளிர்ந்த வேர்வை பூத்தது. எதிரே சரிவில் இருந்த ஏலச்செடிகள் மெல்ல ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தன. தலைசுற்றலுக்கு இனிப்பு நல்லது என்று மௌனிகா ஒரு வெல்லக்கட்டியைக் கொண்டுவந்து என் வாயருகில் நீட்டினாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவள் போகவில்லை. நான் நெருப்பை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்தேன். செடிகள் நின்றன.

அப்போது காளிச்சாமியின் சட்டைப்பையில் போன் அடித்தது. அன்று புத்தடி ஏலக்கூடத்துக்கு அவருடைய ஏலக்காய் விற்பனைக்குப் போயிருந்தது. இடது கையால்தான் எடுத்தார். ஜாக்கிரதையாகத்தான் காதில் வைத்தார். அந்தப் பக்கம் புரோக்கர் எதிர்பாராத நல்ல விலையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"என்னது? மறுக்காச் சொல்லுய்யா" என்றவர், கேட்டதும் வலது கையைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார்.

சாம்பல் அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்து உடைந்தது.

அவர் மடியைத் தட்டிவிட்டார். "போன் வந்துச்சுல்ல. இது கணக்குல வராது" என்றார்.

"ஏன் வராது? கையத் தூக்கச் சொல்லி போனா சொன்னுச்சு?" என்றாள் சின்னத்தாயி. "எனக்கும் அந்தக் கோயிலப் பாக்கணும்னு ஆசதான். கம்பத்து மண்டபத்தப் பாத்துப் பாத்துப் புளிச்சுப் போச்சு."

நான் சொன்னேன்: "அவருக்கு மனசு ஒப்பலீன்னா புதுசா ஒண்ணு பத்த வெக்கட்டுமுங்க. நான் இதையே புடிச்சுட்டு இருக்கறன்."

என் கையிலிருந்ததை அவர் பார்த்தார். சாம்பல் விரல் நீளம் இருந்தது. வெள்ளையாக, லேசாக வளைந்து, காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கை அசையவில்லை. அவருடைய முகத்தில் முதலில் சிரிப்பு இல்லை. பிறகு வந்தது. எழுந்து, மேசைமேல் இருந்த பித்தளைத் தட்டை எடுத்து, இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினார்.

"வைங்கண்ணே. தேதிய நீங்களே சொல்லுங்க. அம்புட்டு ஏலக்காரகளையும் பஸ் வச்சுக் கூட்டியாறேன்."

சாம்பலை உடையாமல் அந்தத் தட்டில் இறக்கினேன். கமலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை கண்ணைக் கரிக்கிறது என்றாள். மௌனிகா வெல்லக்கட்டியை இப்போது என் வாயில் வைத்தாள். பாதியைக் கடித்துக்கொண்டு, மீதியைச் சிவப்பிரகாஷிடம் கொடுக்கச் சொன்னேன்.

"தை பிறக்கட்டுமுங்க, சம்பந்தி" என்றேன்.

தையில் நடந்தது. மலையிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கியவர்களால் கோயில் வீதி கொள்ளவில்லை. மௌனிகா அதன் நடுவில், டீக்கடை முன்னால், தலை நிமிர்ந்து நடந்தாள். இரண்டு நாள் புகையை வைத்து எங்கள் பக்கத்தில் இன்றும் பேசுகிறார்கள். மோகனசுந்தரம் அந்தக் கறுப்புச் சுருட்டில் மயங்கி நாற்காலியோடு விழுந்தார், நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்கிறார்கள். விழவில்லை. யாரும் தூக்கவும் இல்லை. நானே எழுந்து, படியிறங்கி, ஏலச்செடிகளுக்கு நடுவே நடந்துபோய் வாந்தி எடுத்தேன். முகம் கழுவித் திரும்பி வந்தபோது, சாம்பல் அந்தப் பித்தளைத் தட்டில் விரல் நீளத்துக்கு உடையாமல் கிடந்தது.