அட்டையில் இருந்த பெயர்

அந்த ஜாஸ் இசைத்தட்டின் அட்டை முழுக்க ட்ரம்பெட்காரரின் முகம்தான். உள்ளே இருந்த எட்டுப் பாட்டில் அவர் ஊதியது ஒன்றே ஒன்று. பதிவு நடந்த வாரம் பல்வலியில் உதடு வீங்கி, அதற்குமேல் வாத்தியத்தை வாயில் வைக்க முடியவில்லை. மீதி ஏழையும் ஊதியது அவர் மச்சினன், மனைவியின் தம்பி.

"உங்க பேரைப் போட்டாத்தான் விக்கும்," என்றார் கம்பெனிக்காரர்.

"அடுத்தது உன் பேர்லதான்டா," என்று இவரும் மச்சினனைச் சமாதானம் செய்தார். அடுத்தது என்று ஒன்று வரவே இல்லை. மச்சினன் ஊதுவதை விட்டு பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தான்; அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போன வருடம் அவள் இறந்தபோது வந்து, வாசலோடு நின்று, யாரிடமும் பேசாமல் போய்விட்டான். அதன்பிறகு அந்த வீட்டில் ட்ரம்பெட்காரர் ஒருவர்தான்.

வானொலியிலிருந்து ஒரு பெண் பேட்டிக்கு வந்தாள். மூன்றாவது பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இங்க ஒரு தயக்கம் வருதே சார், அது எப்படித் தோணுச்சு?"

முப்பது வருடமாகச் சிரித்தே சமாளித்த கேள்வி. அன்று சிரிப்பு வரவில்லை.

"அது நான் இல்லம்மா. என் மச்சினன்."

அவள் பாட்டை நிறுத்தினாள். "இதை அப்படியே போடலாமா சார்?"

"போடத்தானே சொல்றேன்."

ஒலிபரப்பான அன்று பழைய சிநேகிதர்கள் போன் செய்து, இந்த வயதில் இது தேவையா என்று கடிந்துகொண்டார்கள். எதிர்பார்த்த போன் மட்டும் வரவில்லை. நான்காம் நாள் அவரே டிப்போவுக்குப் போனார். மச்சினன் நேரக்காப்பாளர் அறையில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது.

"கேட்டியா?"

"கேட்டேன் அத்தான்."

"அட்டையில உன் பேரைப் போடச் சொல்லி கம்பெனிக்கு எழுதிட்டேன்."

மச்சினன் பேனாவை மூடினான். "அக்கா இருந்தப்ப சொல்லியிருக்கலாம். அவ ஒருத்தி கேட்டிருந்தா எனக்குப் போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாயேன்."

"பாக்கலாம் அத்தான்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்குச் சமைத்தார். மூன்று மணிவரை பார்த்துவிட்டு, தன் பங்கை மட்டும் போட்டுச் சாப்பிட்டார்.