நோயில்லை என்று ஒரு தாள்

1957 ஜூலை மாதத்தில் கலியாணசுந்தரத்துக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. மற்ற வருஷங்களில் வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் அவருக்கு அத்தனை வராது. ஒன்று கால்நடை அலுவலகத்திலிருந்து: சிங்கப்பூரிலிருந்து உங்கள் பெயருக்கு அனுப்பப்பட்ட பழைய குஞ்சு பொரிக்கும் மெஷின் ஆற்றுமுகக் கிடங்கில் வந்து இறங்கியிருக்கிறது, நேரில் வரவும். மற்றது அந்த மெஷினை அனுப்பிய மருதமுத்து எழுதியது.

மருதமுத்துவும் அவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். ஜப்பான்காரன் காலத்தில் ஒரே லாரியில் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றப்பட்டவர்கள். அங்கே காட்டில் வாந்திபேதி கண்டவர்களைத் தனிக் குடிசையில் போட்டு, யாரும் உள்ளே போகக்கூடாது என்று காவல் வைத்தார்கள். கலியாணசுந்தரம் அந்தக் குடிசையில் கிடந்த ஒன்பது நாளும், காவல்காரன் அசந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்து கஞ்சித் தண்ணீர் ஊற்றியவன் மருதமுத்து.

சண்டை முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியபோது கலியாணசுந்தரத்துக்கு அங்கே யாரும் மிச்சமில்லை. மனைவி காய்ச்சலில் போயிருந்தாள். குழந்தையை அதற்கு முன்பே புதைத்திருந்தார்கள். அவர் மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்து, பின்புறம் கோழி வளர்த்து, ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைகளுக்கு முட்டை கொடுத்துப் பிழைத்தார். பேச ஆளில்லாமல் பழகிவிட்டது. சில நாட்களில் காலையில் தீனி போடும்போது கோழிகளைக் கூப்பிடுவதுதான் அவர் வாயிலிருந்து வரும் ஒரே சத்தம்.

மருதமுத்துவுக்குச் சிங்கப்பூர்ச் செம்பவாங்கில் கோழிப்பண்ணை இருந்தது. அதை விட்டுவிட்டு மலாக்காவுக்கே வந்துவிடுகிறேன், ரெண்டு பேரும் சேர்ந்து குஞ்சு பொரித்து விற்போம் என்று ஒரு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தான். கலியாணசுந்தரம் வீட்டின் பக்கவாட்டில் ஓர் அறை இழுத்துக் கட்டி, இன்னொரு கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தார்.

இப்போது வந்த கடிதத்தில் இப்படி இருந்தது: "டேய் கலியாணம், மிஷின் கப்பல் ஏறிடுச்சு. ஒனக்கு மட்டும் சொல்றேன். இங்க கோழி ஒன்னு மிச்சமில்ல. கழுத்த முறுக்கிக்கிட்டு, பச்சையாக் கழிஞ்சு, ஒரே வாரத்துல எல்லாம் போச்சு. நோய் இல்லேன்னு சொல்லித்தான் இங்க ஆபீஸ்ல தாள் வாங்கினேன். நீ பயப்படாத, மிஷின நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன். ஆகஸ்டு கடைசியில நானும் வந்துடுவேன்."

கலியாணசுந்தரம் அதை இரண்டு தரம் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார்.

கால்நடை இன்ஸ்பெக்டர் தம்பிராஜா யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி போட்டவர், அவசரப்படாதவர். மெஷின் என்பது ஆளுயர அலமாரி போன்ற ஒரு மரப்பெட்டி. கீழே மண்ணெண்ணெய் விளக்கு வைக்க ஒரு மாடம், உள்ளே முட்டை அடுக்க ஆறு தட்டுகள். சூடு வெளியே போகாமலிருக்க இரட்டைப் பலகைச் சுவர், நடுவில் மரத்தூள். தம்பிராஜா தட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு தட்டின் மூட்டிலிருந்து பேனாக்கத்தி நுனியால் எதையோ நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நகக்கண் அளவு முட்டை ஓடு. அதில் ஒட்டிக் காய்ந்த குஞ்சு மயிர்.

"பாருங்கோ. கழுவியிருக்கினம். ஆனா வடிவாக் கழுவேல்லை."

"அப்ப திருப்பி அனுப்பிடுவீங்களா, சார்?"

"இல்லை. நோய் இல்லாத பண்ணையில இருந்து வந்ததெண்டு சான்று இருக்கு. பழைய, பாவிச்ச சாமான் எண்டபடியா எப்பிடியும் முப்பது நாள் தனியா வைக்கோணும். திரும்பக் கழுவி, ரெண்டு தரம் மருந்துப் புகை போட்டு, பிறகு தருவன்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "அங்க கோழிகளுக்கு நோய் ஒண்டும் வரேல்லைத்தானே?"

"இல்ல, சார்," என்றார் கலியாணசுந்தரம். கடிதம் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தரம் அவர் கிடங்குக்குப் போய்வந்தார். சோடாத் தண்ணீரில் தட்டுகளை ஊறவைத்து, தேங்காய் நாரால் விரல் தோல் உரியத் தேய்த்தார். சுத்தம் பண்ணிவிட்டால் சொன்ன பொய் பொய்யாக இருக்காது என்று ஒரு நினைப்பு. கதவுப் பலகையைத் தேய்க்கும்போது, சுவருக்குள் மரத்தூள் அசையும் சத்தம் கேட்கும். அதைத் தேய்க்க எந்தக் கையும் எட்டாது.

அடுத்த வீட்டு நாகம்மா, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி சமூகத்துப் பெண்மணி. பெயர்தான் தமிழ், பேச்சு மலாய். விதவை. நாற்பது கோழிகளும் அவற்றின் முட்டையும்தான் அவளுக்குச் சோறு. வேலி என்று இருந்ததே தவிர, அவள் கோழிகள் அதன் அடியில் புகுந்து கலியாணசுந்தரத்தின் கோழிகளோடுதான் நாளெல்லாம் மேய்ந்தன.

"சுடா சாம்பாய்?" என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். மெஷின் வந்துவிட்டதா என்று.

"பெலும்," என்பார். இன்னும் இல்லை.

இருபதாம் நாள் காலையில் அவள் ஒரு கூடையில் பதினைந்து முட்டைகளைத் துணி விரித்து அடுக்கி, வேலிக்கு மேலே நீட்டினாள். உங்கள் மெஷினில் முதலில் என் முட்டையை வையுங்கள், உங்கள் கை ராசியான கை என்று மலாயில் சொன்னாள். மெஷின் வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிக் கூடையைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் கிடங்குக்குப் போய் இன்ஸ்பெக்டர் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மருந்துப் புகை அந்த மரத்தூளுக்குள்ள போகுமா, சார்?"

தம்பிராஜா எழுதுவதை நிறுத்தினார். "ஏன் கேக்கிறீங்கள்?"

"அங்க நோய் இருந்துச்சு, சார். அத்தனை கோழியும் செத்துப்போச்சு."

"ஆர் சொன்னது? எழுத்தில ஏதும் இருக்கோ?"

கலியாணசுந்தரத்தின் கை சட்டைப் பைக்குப் போய், அங்கேயே நின்றது. "அத மட்டும் கேக்காதீங்க, சார்."

"அனுப்பினவர் உங்களுக்கு என்ன முறை?"

"முறை ஒன்னும் இல்ல. அவன் இல்லேன்னா நான் இல்ல."

இன்ஸ்பெக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"சான்று பொய்யெண்டு நான் எழுதினா அது சிங்கப்பூர் வரைக்கும் போகும். அந்த மனுசனை நீதிமன்றத்துக்கு இழுப்பினம். சொந்தக்காரர் தானா வந்து, எனக்கு இந்தச் சாமான் வேண்டாம், எரிச்சுப்போடுங்கோ எண்டு எழுதித் தந்தா, இஞ்சையே முடியும். இந்தத் தாளில காரணம் எழுத இடமில்லை." நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா உங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது. யோசிச்சுப் போடுங்கோ."

கலியாணசுந்தரம் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கிடங்குக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் எரித்தார்கள். பலகை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. மரத்தூள் மட்டும் வெகுநேரம் உள்ளே கனன்றபடி புகைந்தது. நீங்கள் போகலாம் என்றார் தம்பிராஜா. "இருக்கேன், சார்," என்று சொல்லி, கீலும் ஆணியும் விளக்குத் தகரமும் சாம்பலில் தெரியும் வரை அவர் நின்றார். மருதமுத்துவுக்கு இதை எழுத மூன்று தரம் உட்கார்ந்தார். 'அன்புள்ள' என்பதற்கு மேல் பேனா போகவில்லை.

ஆகஸ்டு முப்பதாம் தேதி மத்தியானம் மருதமுத்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான். தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டான். சிரித்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே பக்கவாட்டு அறைக்குப் போய் எட்டிப் பார்த்தான்.

"மிஷின் எங்கடா?"

"எரிச்சிட்டாங்க." பிறகு கலியாணசுந்தரமே திருத்திச் சொன்னார்: "நான்தான்டா எரிக்கச் சொன்னேன்."

மருதமுத்து அறை வாசலிலிருந்து திரும்பினான். "ஒன்ன நம்பி எழுதினேனேடா..."

"ஒம் பேரு எங்கயும் வரல. கடுதாசியக் காட்டல."

"எம் பேர யாருடா கேட்டா? எங்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒன்னுதான்டா."

"பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கோழிய விட்டா வேற கதியில்ல. இந்தத் தெரு முழுக்கக் கோழி. ஒனக்கு நடந்தது இவங்களுக்கும்..."

"நோய்க் குடிசைக்குள்ள போகக்கூடாதுன்னு அன்னிக்கும்தான்டா உத்தரவு. நான் ரூல்ஸ் பாத்தேனா? சொல்லுடா, பாத்தேனா?"

மருதமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான். ஒரு மணி நேரத்தில் அதே பெட்டியோடு திரும்பி வந்தான். மறுநாள் மலாயாவின் முதல் சுதந்திர தினம். எல்லா பஸ்ஸிலும் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் இடம் கிடைக்கும் என்றார்களாம். அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அப்படியாக அந்தச் சனிக்கிழமை முழுவதும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தெருவில் பிள்ளைகள் கொடி பிடித்துக்கொண்டு போனார்கள். நாகம்மா வீட்டு ரேடியோவில் விடுதலை என்று பொருள்படும் "மெர்டேக்கா" கோஷம் திரும்பத் திரும்பக் கேட்டது. கலியாணசுந்தரம் கருவாட்டுக் குழம்பு வைத்தார். ஒரே சட்டிச் சோற்றை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புதுக் கட்டிலில் மருதமுத்து உட்காரக்கூட இல்லை.

சாயங்காலம் நாகம்மா புதுக் கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு தட்டில் கூவே பலகாரம் கொண்டுவந்தாள். மருதமுத்துவைப் பார்த்து, "அபாங்?" என்று கேட்டாள். உங்கள் அண்ணனா என்று.

"யா," என்றார் கலியாணசுந்தரம். மருதமுத்து மறுக்கவில்லை. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அவள் காலைச் சுற்றி வந்த கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை என்று மலாயில் கேட்டான். நாற்பது என்றாள். தலையாட்டினான். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை பஸ் ஸ்டேஷன் வரை கலியாணசுந்தரம் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பஸ் உறுமத் தொடங்கிய பிறகு மருதமுத்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"நான் நல்லாத்தான்டா கழுவினேன். மூணு நாள் கழுவினேன்."

"தெரியும்டா. நானும் கழுவிப் பாத்தேன்."

வேறு ஏதோ சொன்னான். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை.

தீபாவளிக்கு எழுதினார், பதில் இல்லை. பொங்கலுக்கு எழுதியதும் போன இடம் தெரியவில்லை. சித்திரையில் போட்ட கடிதம் விலாசத்தில் ஆளில்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது.

தம்பிராஜா ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டை வாங்க வருவது வழக்கமாயிற்று. வாங்கிய பிறகும் சும்மா கொஞ்ச நேரம் நிற்பார். ஒரு நாள், சைக்கிளைத் திருப்பிக்கொண்டே கேட்டார்:

"உங்கட சிநேகிதர் எழுதுறவரோ?"

கலியாணசுந்தரம் கையிலிருந்த முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எழுதுவான், சார்," என்றார்.